நிறுவனம் கைமாறும்போது விசாவும் கிரீன் கார்டும்

தம்பி, அமெரிக்காவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், உங்களை எச்-1பி என்ற வேலை விசாவில் அழைத்துவந்த கன்சல்டிங் நிறுவனத்தை வேறொரு பெரிய நிறுவனம் வாங்கப்போகிறது என்றும், விசா செல்லாமல் போய்விடுமா, கிரீன் கார்டுக்கான பெர்ம் விண்ணப்பம் (நிறுவனம் தொழிலாளர் துறையிடம் முதலில் பெற வேண்டிய ஒப்புதல்) என்னவாகும், உடனே வேறு வேலை தேட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விசா செல்லாமல் போகாது. பெர்ம் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

நம் மென்பொருள் தொழிலில் நிறுவனங்கள் கைமாறுவது புதிதல்ல. 1986-இல் சுனில் வாத்வானியும் அசோக் திரிவேதியும் பிட்ஸ்பர்கில் தொடங்கிய மாஸ்டெக், நம்மைப் போன்றவர்களை வாடிக்கையாளர் அலுவலகங்களுக்கு அனுப்பியே வளர்ந்தது. 1996-இல் பங்குச் சந்தைக்கு வந்து, 2000-இல் ஐகேட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2011-இல் தன்னைவிடப் பெரிய பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸை ஏறத்தாழ 122 கோடி டாலருக்கு வாங்கியது. நாராயண மூர்த்தி இன்போசிஸைத் தொடங்குவதற்கு முன் வேலை பார்த்த பட்னிதான் அது. நான்கே ஆண்டுகளில், 2015-இல், பிரான்சின் கேப்ஜெமினி அந்த ஐகேட்டையே 404 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. வட அமெரிக்க வாடிக்கையாளர்களும் இந்தியாவில் தேர்ந்த ஆட்களும் ஒருசேரக் கிடைத்ததற்கான விலை அது. இத்தகைய நிறுவனத்தில் இயந்திரமோ சரக்கோ பெரிதாக இல்லை; வாடிக்கையாளரின் வேலையை அறிந்தவர்களே அதன் சொத்து. ஆகவே, நீங்கள் இன்று வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் புராஜெக்டில் இருந்தால் பயப்படக் காரணம் குறைவு. பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் நிலையில், இருந்தால் இன்றே வேலை தேடத் தொடங்குங்கள். வேலை போனால், ஐ-94 (நீங்கள் இங்கே தங்க அனுமதிக்கப்பட்ட காலத்தைக் காட்டும் பதிவு) காலம் அதற்குள் முடியாதிருந்தால், அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம்.

விசாவைப் பொறுத்தவரை, வாங்கும் நிறுவனம் பழைய நிறுவனத்தின் கடமைகளை ஏற்றுக்கொண்டு, உங்கள் வேலையின் தன்மையும் நிபந்தனைகளும் மாறாதிருந்தால், புதிய எச்-1பி மனு தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் இணைப்பைக் காரணம் காட்டி உங்களை வேறு நகரத்துக்கு அனுப்பினால் திருத்திய மனு போட்டாக வேண்டும். அதைப் போடாமல் கிளம்பிவிடாதீர்கள்.

பெர்ம் அப்படி எளிதானதல்ல. ஒப்புதல் பெற்ற பெர்மை வாரிசு நிறுவனம் பயன்படுத்த முடியும் என்றாலும், அதே வேலை தொடர்கிறது என்பதையும் சம்பளம் கொடுக்கும் வசதி உண்டு என்பதையும் அது குடிவரவுத் துறைக்கு நிறுவிக் காட்ட வேண்டும். புதிதாக விண்ணப்பிப்பது இன்னும் சிக்கல். இணைப்புக்குப் பின் ஆட்குறைப்பு நடந்தால், அதே பகுதியில், அதே வகை வேலையிலிருந்து முந்தைய 6 மாதங்களில் நீக்கப்பட்ட அமெரிக்கப் பணியாளர்களுக்குத் தெரிவித்து, அவர்களைப் பரிசீலித்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால், பல நிறுவனங்கள் பெர்மையே நிறுத்தி வைத்துவிடுகின்றன. இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று நீங்கள் அறிவீர்கள். பெர்ம் பதிவான நாளே உங்கள் முன்னுரிமைத் தேதி; அந்த வரிசையில் உங்கள் இடத்தை முடிவுசெய்வது அதுதான். பெர்முக்குப் பின் நிறுவனம் குடிவரவுத் துறையில் உங்களுக்காகப் போடும் மனுவான ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் மூடப்பட்டாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒப்புதல் ரத்தாவதில்லை. எனவே பெர்ம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், ஐ-140 ஒப்புதல் வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. இன்னும் பதிவாகவில்லை என்றால் இங்கே காத்திருந்து பெறப்போவது ஒன்றுமில்லை. நல்ல வாய்ப்பு வந்தால் போய்விடுங்கள்.

என் முதல் நிறுவனம் இப்படிக் கைமாறியபோது, ஐ-140 ஒப்புதல் அறிவிப்பின் நகலைக் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டேன். பிறகு வேறிடத்தில் சேர்ந்தபோது பழைய மனிதவளப் பிரிவில் என்னை அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்த ரசீது எண்ணைப் பெறவே நான்கு மாதம் அலைந்தேன், அத்தனை நாளும் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். குடிவரவுத் துறை மனுக்களுக்கு அனுப்பும் ஐ-797 அறிவிப்புகள், பெர்ம் பதிவான தேதி, பணி நியமனக் கடிதம், எல்லாச் சம்பளச் சீட்டுகளும் இந்த வாரமே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு வந்துசேர வேண்டும். கைமாறும் நாளில் பழைய அலுவலக மின்னஞ்சல் முடங்கிவிடக்கூடும். ஊருக்குப் போய்த் திரும்பும் எண்ணம் இருந்தால், பழைய பெயரில் உள்ள விசா முத்திரையோடு, நிறுவனங்கள் இணைந்ததை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றையும் புதிய நிர்வாகத்திடமிருந்து வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.