கேள்வி நேரம்: நாவரசு வழக்கு

கேள்வி: மகனை மருத்துவக் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போகிறோம். ராகிங் பயம் வேண்டாம், சட்டம் இருக்கிறது என்கிறார்கள். அந்தச் சட்டம் எப்படி வந்தது? - ஒரு வாசகி, சீர்காழி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிதம்பரத்தில் போன ஓர் உயிரால் வந்தது, அம்மா. 1996 நவம்பர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன் நாவரசு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர். தலையில்லாத ஓர் உடல் சென்னையில் 21ஜி பஸ்ஸில் கிடந்தது. அது நாவரசு என்று தெரிந்தபோது தமிழ்நாடே உறைந்துபோனது. ராகிங் செய்து கொன்றவர் அதே கல்லூரியின் சீனியர் மாணவர்.

அப்போது என் தம்பியும் விடுதியில்தான் இருந்தான். அப்பா எஸ்.டி.டி. பூத்தில் நின்று, "சாப்பிட்டியா, ரூம்ல யார் யாரு இருக்காங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம்தான் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை உண்டு. வழக்கு மட்டும் இழுத்தது. 1998இல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பதினைந்து வருடம்! பெற்றவர்களை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

சரி, மகனைத் தைரியமாக அனுப்புங்கள். முதல் மாதம் தினமும் பேசுங்கள். குரல் மாறினால் உடனே பஸ் ஏறிவிடுங்கள்.