‘இயேசப்பா, பரோட்டா தாரும்!’

கேள்வி: தரங்கம்பாடி பக்கத்துக் கிராமம். எனக்கு மூன்று பிள்ளைகள்: ஏழு வயது, நாலு வயது, ஒரு கைக்குழந்தை. தினமும் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம்; அத்தைதான் நடத்துவார். சங்கீதம், பாமாலை, வேத வாசிப்பு, முறைவைத்து ஜெபம் எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். போன வாரம் கர்த்தருடைய ஜெபத்தில் ‘அன்றன்றுள்ள அப்பத்தை எங்களுக்கு இன்று தாரும்’ என்னும்போது சின்னவன், ‘அப்பம் வேணாம் இயேசப்பா, பரோட்டா தாரும்’ என்றான். சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து அத்தை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கண்ணை மூடினால் எனக்கு ஜெபம் வருவதில்லை, தூக்கம்தான் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா? கிறிஸ்துமஸ் வேறு நெருங்குகிறது. சம்பா இன்னும் வயலில் நிற்கிறது. துணி எடுக்க வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.
– பெயர் வேண்டாம்

பதில்: சிரித்தது பாவமில்லை, தங்கச்சி. அதை முதலில் முடித்துவிடுவோம். திடப்படுத்தல் வகுப்பில், சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லுத்தருடைய சிறிய ஞானோபதேசத்தை, அந்தக் கேள்வி-பதில் புத்தகத்தை, மனப்பாடம் செய்திருப்பீர்கள். ‘அன்றன்றுள்ள அப்பம்’ என்றால் என்ன என்ற கேள்விக்கு அதில் ஒரு நீளப் பட்டியல் வருமே! சாப்பாடு, துணிமணி, செருப்பு, வீடு, நிலம், மாடு, பணம், நல்ல பருவநிலை, நல்ல அண்டை வீட்டார் என்று போகும். அவ்வளவுக்கும் இடமிருக்கும்போது பரோட்டாவுக்கு இல்லாமல் போகுமா? சின்னவன் உபதேசத்துக்குப் புறம்பாக எதுவும் கேட்டுவிடவில்லை. வீட்டில் மற்றவர்கள் வாய்ப்பாடாகச் சொன்ன இடத்தில் அவன் உண்மையாகவே கேட்டிருக்கிறான்.

1529-இல் வந்த அதே புத்தகத்தில் ராத்திரி ஜெபத்துக்கும் வழி சொல்லியிருக்கிறது. விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், விரும்பினால் ஒரு சின்ன ஜெபம், அப்புறம் உடனே சந்தோஷமாகத் தூங்கப் போ, அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னாலும் ஐந்து நிமிஷம். இதை அத்தையிடம் நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள். 1706-இல் உங்கள் ஊர்க்கரையில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் தமிழுக்குக் கொண்டுவந்த லுத்தருடைய ஞானோபதேசத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள், தட்டமாட்டார். முக்கால் மணி நேர ஜெபம் ஞாயிறு சாயங்காலம் இருக்கட்டும். மற்ற நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரிய பிள்ளைகள் இரண்டையும் திண்ணையில் உட்காரவைத்து வேதக்கதை சொல்வதை அத்தை பொறுப்பில் விடுங்கள். பாட்டி வாயால் கேட்ட தாவீதும் கோலியாத்தும் கடைசிவரை மறக்காது. அவருக்கும், ஜெபத்தில் தன் இடத்தை மருமகள் பிடுங்கிக்கொண்டாள் என்ற எண்ணம் வராது.

விசுவாசம் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். சூரைச்செடியின் கீழே படுத்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் பிரசங்கமா பண்ணினான்? தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். திட்டவில்லை, இன்னொரு தரம் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலைக்கு அவர் நடந்ததெல்லாம் அதற்கப்புறம்தான். உங்களுக்கு இப்போது வேண்டியதும் அந்த அடையும் தூக்கமும்தான் என்று எனக்குப் படுகிறது. அதுவரை பால் கொடுக்கும்போது மனதுக்குள் ஒரு வரி சொன்னால் போதும். பாதியில் கண் சொக்கினால் சொக்கட்டும்.

இன்னொன்று. இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் நாலு பக்கக் கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரர் ஒரே இடத்தில்தான் வருகிறார்: ‘ஜெபத்தில் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.’ பக்தியா தூக்கமா, எனக்குச் சந்தேகம்தான். கார்த்திகை மழையில் குழந்தைத் துணி காயாமல் கூடம் முழுக்கக் கொடி கட்டி, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட அதற்கடியில் குனிந்து போய் அடுப்பைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தத் துணியில் பாதியை அவர் அலசலாம். ஊர் சிரிக்கும் என்பாரானால், இதையும் லுத்தரிடமே விடுங்கள். பிள்ளையின் பீத்துணியைத் தகப்பன் அலசினால் ஊர் அவனைக் கேலி பண்ணும், ஆனால் தேவன் தம் தூதர்களோடு அவனைப் பார்த்து மகிழ்ந்து சிரிப்பார் என்று 1522-இல் எழுதினார். அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஆகையால் சொல்வது சுலபம்! ஆனால் பிற்பாடு ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பனானார்.

கிறிஸ்துமஸ் துணிக்கு வட்டிக்கு வாங்காதீர்கள். டெல்டாவில் சம்பாக்காரன் கையில் காசு தையில்தான் புரளும். பண்டிகையோ மார்கழியில் வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புது வருஷ ஆராதனைக்கு ஒன்று என்று எடுக்கும் வழக்கத்தை இந்த வருஷம் நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கொன்று, கையில் இருக்கும் காசுக்குள். உங்கள் கல்யாணப் புடவை பெட்டியில்தானே தூங்குகிறது? பலகாரத்தில் முறுக்கு போதும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதிரசத்துக்குப் பாகுபதம் பார்க்க முடியாது. பார்க்கவும் கூடாது, சுட்டுக்கொள்வீர்கள்.

வீடு வீடாகப் பாடி வரும் கேரல் ரவுண்டு ராத்திரி ஒரு மணிக்கு டிரம்மோடு வந்து குழந்தையை எழுப்பிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரரை வாலிபர் சங்கச் செயலாளரிடம் அனுப்பி, கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலில் வரச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்குள் வந்தால் டீயோடு முறுக்கும் உண்டு, அதற்கப்புறம் வந்தால் டீ மட்டும்தான் என்று சொல்லி அனுப்பினால் பையன்கள் கணக்குப் பார்த்து வந்துவிடுவார்கள்.