எதிர் வசனம் யார் படிப்பது?

கேள்வி: எனக்கு வயது 37. ஒன்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்து வருகிறேன். இன்ஸ்பெக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர் எல்லாம் பண்ணியாகிவிட்டது. "24 மணி நேரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும்" என்று சொல்லும் டாக்டராக எத்தனை முறை வந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. மாதத்தில் சில நாள் ஷூட்டிங், மற்ற நாட்களில் போன் எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருப்பேன். இப்போது ஆடிஷனையும் வீட்டிலேயே எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். மாதம் நாலைந்து அனுப்புகிறேன். பதிலே வருவதில்லை. போன மாதம் கதாநாயகியின் அண்ணன் வேடம் ஒன்று கிட்டத்தட்ட உறுதி என்றார்கள். கடைசியில் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த வீடியோவும் சரியாக வரவில்லை. மனைவிதான் ஒரு கையில் போனைப் பிடித்து எடுத்தபடி எதிர் வசனம், அதாவது எதிரில் பேசும் பாத்திரத்தின் வரிகள், படிப்பாள். வேலைக்குப் போய்விட்டு வந்த களைப்போ என்னவோ, மொட்டையாகப் படித்து என் மூடையே கெடுத்துவிட்டாள். முன்பணம் கொடுத்தால் தொடர் முழுக்க வரும் வேடம் வாங்கித் தருவதாக ஒரு மேனேஜர் சொல்கிறார். இந்த டாக்டர் வேடங்களையே ஏற்றுக்கொண்டிருப்பதா, மறுத்துவிட்டுப் பெரிய வேடத்துக்குக் காத்திருப்பதா? எனக்குத் திறமை இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முன்பண விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். வேலை முடிந்து, சம்பளம் கைக்கு வந்து, அதில் கமிஷன் எடுத்துக்கொள்பவர்தான் மேனேஜர். வேலைக்கு முன்னால் கை நீட்டுபவரிடம் வேடம் இருக்காது, உங்களைப் போல இன்னும் பத்துப் பேருடைய போன் நம்பர்தான் இருக்கும்.

டாக்டர் வேடத்தையும் மறுக்காதீர்கள். தொடர் வசனம் எழுதிய காலத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கதை எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கும், புதிதாக ஒரு ஆள் உள்ளே வர வேண்டியிருக்கும். அப்போது இயக்குநரின் அறையில் முதலில் வரும் பேச்சு, "போன வாரம் வந்தாரே, ஒரே டேக்கில் பேசிவிட்டுப் போனாரே, அவர் யார்?" என்பதுதான். பெரிய வேடத்துக்காக வீட்டில் காத்திருப்பவர் அந்த அறையில் யார் ஞாபகத்துக்கும் வர மாட்டார்.

திறமை இருக்கிறதா என்ற கேள்வியோடு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வருகின்றன. நடிகர்கள் எழுதுகிறார்கள், பாடகர்கள் எழுதுகிறார்கள், கவிதை எழுதுபவர்களும் எழுதுகிறார்கள். எல்லாருக்கும் வேண்டியது 'இருக்கிறது' என்ற ஒரு சொல். உங்கள் நடிப்பை நான் பார்த்ததில்லை, அதனால் அதைச் சொல்வதற்கில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். அதில் நீங்கள் போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது. மனைவி மொட்டையாகப் படித்து மூடைக் கெடுத்துவிட்டாராம்.

தம்பி, எதிர் வசனத்தை மொட்டையாகத்தான் படிக்க வேண்டும். ஒன்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இது உங்களுக்குத் தெரியாதா? ஆடிஷன் வீடியோவில் பார்ப்பவர்களுக்கு வேண்டியது உங்கள் முகம். எதிர் வசனம் படிப்பவர் கேமராவை ஒட்டி நின்று, உங்களைவிடத் தணிந்த குரலில், சொற்கள் தெளிவாகக் காதில் விழும்படி படித்தால் போதும். அவர் அழுது, விம்மி, ஏற்ற இறக்கத்தோடு நடித்தால் பார்ப்பவர் கவனம் அந்தக் குரலின் பக்கம் போய்விடும். நேரில் ஆடிஷன் நடந்த நாட்களில் உங்களுக்கு எதிர் வசனம் படித்தது யார்? கையில் பேப்பரோடு நின்ற ஒரு உதவி இயக்குநர்தானே? அன்றைக்கு அவர் முப்பதாவது முறையாக அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். குரலில் உயிர் எங்கிருந்து வரும்?

செட்டிலும் இதே கதைதான். கதாநாயகியின் குளோசப்பை முதலில் எடுத்துவிடுவார்கள். அவர் அடுத்த சீனுக்குப் புடவை மாற்றப் போய்விடுவார். அதற்கப்புறம்தான் டாக்டர் பக்கம் கேமரா திரும்பும். கதாநாயகி நின்ற இடத்தில் யாரோ ஒரு பையன் நின்றுகொண்டு, "என் புருஷனைக் காப்பாத்துங்க டாக்டர்" என்று காய்கறிப் பட்டியல் வாசிப்பதுபோல வாசிப்பான். அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் வசனத்துக்கும் சேர்த்து, வரி வரியாக எடுத்துக்கொடுக்கும் ப்ராம்ப்டிங் வந்துகொண்டிருக்கும். அதற்கு நடுவில் நீங்கள் கண்ணில் இரக்கம் காட்டி நடித்திருக்கிறீர்கள். அந்தப் பையனிடம் "நீ மூடைக் கெடுக்கிறாய்" என்று ஒரு நாளாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சொன்னால் அடுத்த கால்ஷீட் வராது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் கால்ஷீட் நிற்காது என்ற தைரியம்தானே அந்த வரியை எழுத வைத்தது?

அந்த அண்ணன் வேடத்துக்கே வருவோம். கதாநாயகியின் அண்ணன் என்றால் ஆடிஷனுக்கு எந்தச் சீனைக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானே அப்படிப்பட்ட சீன்களை எழுதியிருக்கிறேன். தங்கை வந்து தன் கஷ்டத்தைச் சொல்வாள், அண்ணன் கேட்பான். ஒரு பக்கத்தில் அவனுக்கு நாலு வரி இருந்தால் அதிகம். மீதியெல்லாம் அவன் முகம்தான், அவன் கேட்கிற விதம்தான். நீங்கள் கேட்டீர்களா? எதிரில் இருந்தவர் என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு எப்படிப் படிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த எரிச்சல் முகத்தில் வராமல் எங்கே போகும்? கேமரா உங்கள் முகத்துக்கு மூன்றடி தூரத்தில் இருக்கிறது. வேடம் ஏன் கைநழுவியது என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். உயரம், வயது, சேனலுக்குப் பிடித்த முகம், யாரோ ஒருவரின் சிபாரிசு, எதுவும் உங்கள் கையில் இல்லை. தங்கையின் பேச்சை அண்ணன் கேட்கவில்லை என்ற ஒன்று மட்டும் உங்கள் கையில் இருந்தது.

சின்ன வேடக்காரரின் தொழிலே இதுதான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி சீன் டாக்டருடையது அல்ல, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாளே, அவளுடையது. சீன் முழுவதையும் ஒன்றாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் எந்தச் சொல்லில் கண்ணாடியைக் கழற்றினீர்களோ, குளோசப்பிலும் அதே சொல்லில், அதே கையால் கழற்ற வேண்டும். மாறினால் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் ஒட்ட வேண்டிய கண்டினியூட்டி போச்சு, எடிட்டருக்கு வெட்ட இடம் கிடைக்காது, அவள் அழுகையும் வீணாகும். அவளுடைய குளோசப் எடுக்கும்போது கேமரா உங்களைப் பார்க்கவே இல்லை என்றாலும் முழு மனதோடு வசனம் கொடுக்க வேண்டும். இன்னொருவர் முகம் நன்றாக வருவதற்காக நிற்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். ஒன்பது வருடமாக அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உங்கள் முகம் நன்றாக வருவதற்காகச் சம்பளமில்லாமல் நிற்கிற ஒருவரைக் குறை சொல்கிறீர்கள்.

2023-ல் அமெரிக்காவில் நடிகர் சங்கம் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. சம்பளமும் செயற்கை நுண்ணறிவும்தான் பெரிதாகப் பேசப்பட்டன. ஆனால் இந்த வீட்டு ஆடிஷனும் அவர்கள் சண்டை போட்ட விஷயங்களில் ஒன்று. இடம், விளக்கு, கேமரா, எதிர் வசனம் படிக்க ஆள் என்று கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டிய செலவையெல்லாம் நடிகன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். உங்கள் வீட்டில் என்ன நடந்தது? கம்பெனி உங்கள் தலையில் கட்டியதை நீங்கள் அப்படியே மனைவி தலைக்கு மாற்றிவிட்டீர்கள். மாதம் நாலைந்து என்றால் வருடத்துக்கு ஐம்பதை நெருங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை டேக் எடுப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றோடு நிறுத்துகிற ஆளாகத் தெரியவில்லை. அவர் வேலைக்குப் போய்விட்டு வந்து, நின்றபடி, ஒரு கையில் போனும் ஒரு கையில் பேப்பருமாகப் படிக்கிறார். 'களைப்போ என்னவோ' என்று எழுதுகிறீர்கள். என்னவோ என்ன? களைப்புதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இங்கே என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், சில வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஒரு வீட்டில் ஒருவர் நிச்சயமில்லாத தொழிலில் இருக்கிறார் என்றால் இன்னொருவர் நிச்சயமான சம்பளத்தோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று தோன்றிய நாட்கள் இருந்திருக்கும். உங்கள் போன் அடிக்காத மாதங்களை நினைத்து விடாமல் இருந்திருப்பார். இதை அன்பு என்று சொல்லி எழுதித் தள்ளுவது நம் வழக்கம். நான் கடன் என்பேன். குடும்பத்துக்குள் கணக்கா என்று கேட்பவர்கள், வாங்குகிற பக்கத்தில் இருப்பவர்கள்தான். கடன் வாங்கியவர், கொடுத்தவர் கொடுத்த விதம் சரியில்லை என்று பத்திரிகைக்கு எழுதலாமா?

கணக்கு என்றதும் இன்னொன்று. உங்களுக்கு எந்தெந்தக் கம்பெனியிலிருந்து சம்பளம் வர வேண்டியிருக்கிறது என்று மனைவிக்குத் தெரியுமா? ஷூட்டிங் முடிந்து, ஒளிபரப்பாகி, வவுச்சர் மேசை மேசையாக நகர்ந்து பணம் வருவதற்குள் சின்ன வேடக்காரர் தானே மறந்துவிடுவார். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, தொடர், எத்தனை நாள், பேசிய சம்பளம், மேனேஜர் கமிஷன், வந்த தேதி. அந்த நோட்டு அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். குடும்பத்தைச் சுமப்பவருக்கு நல்ல செய்தியை மட்டும் சொல்வது நேர்மை இல்லை.

அடுத்த ஆடிஷனுக்குச் செய்ய வேண்டியது. போனுக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்குங்கள், ஒன்பது வருடத்தில் இதை வாங்காதது எனக்கு ஆச்சரியம். லென்ஸ் உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும், வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும், பின்னால் வெறும் சுவர் போதும். வசனத்தை முழுக்கப் பாடம் பண்ணிய பிறகே மனைவியைக் கூப்பிடுங்கள். நீங்கள் மனப்பாடம் செய்வதற்கு அவர் துணை நிற்க வேண்டியதில்லை. லென்ஸை ஒட்டி ஒரு நாற்காலி போடுங்கள், உட்கார்ந்து படிக்கட்டும். மூன்று டேக்குக்கு மேல் கேட்காதீர்கள். மூன்றையும் அவரிடம் காட்டி எதை அனுப்பலாம் என்று கேளுங்கள். உங்கள் முகத்தில் பொய் எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரிகிற அளவுக்கு எந்த இயக்குநருக்கும் தெரியாது.

கூப்பிடுவதற்கு முன்னால், இன்றைக்கு முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் முகத்தைத் தூக்காமல் சரி என்று சொல்லிவிட்டு, உங்களைப் போலவே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நடிக நண்பரை வீடியோ காலில் பிடியுங்கள். அவருக்கு அடுத்த முறை நீங்கள் படிக்கலாம். யாருமே கிடைக்கவில்லையா? தங்கையின் வசனத்தை உங்கள் குரலிலேயே பதிவு செய்து, நடுநடுவே உங்கள் வரிகளுக்கு இடைவெளி விட்டு, அதை ஓடவிட்டு நடியுங்கள். நீங்கள் ஒரு மூச்சு அதிகம் எடுத்தால் அந்தப் பதிவு நிற்காது, உங்கள் வரி முடிவதற்குள் தங்கை பேச ஆரம்பித்துவிடுவாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். நாலைந்து முறை அப்படி எடுத்துப் பார்த்துவிட்டு, மனைவி மொட்டையாகப் படித்தாரா என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.