குஞ்சும் பெரிய கோழியும் ஒன்றாய் மேயும் வீட்டில் தீவனம்: கேள்வி பதில்

கேள்வி: ஆறு முட்டைக்கோழி, ஒரு சேவல், இரண்டு மாதக் குஞ்சுகள் எட்டு, எல்லாம் ஒன்றாகவே திரிகின்றன. முட்டைக்கோழித் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் போடலாமா அக்கா?

வேண்டாம். கேடு வருவது புரதத்தால் அல்ல, கால்சியத்தால். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் ஏறத்தாழ 3.5 முதல் 4.5 சதவீதம் வரை இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும். மிஞ்சியதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். வாரக்கணக்கில் அதையே தின்றால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமில உப்பு உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படியும். இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான். நன்றாக வளர்ந்த விடைக்கோழி, முட்டைக்கு வரும் நேரத்தில் திடீரென்று செத்துக் கிடக்கும்.

அதற்குப் பதிலாக, குஞ்சுக்கு ஏற்றதைப் பெரியவற்றுக்கும் போடுங்கள். 16 முதல் 18 சதவீதப் புரதமுள்ள வளர்பருவத் தீவனம் எல்லாவற்றுக்கும் பொது. உடைத்த கிளிஞ்சல் தனிப் பாத்திரத்தில் எப்போதும் இருக்கட்டும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் போகிறது. ஓட்டின் பெரும்பகுதி இரவில் உருவாவதால், முட்டையிடும் கோழி சாயங்காலத்தில் தானாகவே போய்க் கிளிஞ்சலைக் கொத்தும். எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரியும். சேவலுக்கும் இந்த ஏற்பாடுதான் நல்லது.

கேள்வி: குஞ்சுகள் கிளிஞ்சலைத் தின்றுவிடாதா?

ஓரிரு முறை கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். தீவனத்தோடு கலக்காமல் இருந்தால் போதும். பாத்திரத்தைப் பெரிய கோழியின் முதுகு உயரத்தில் மாட்டினால் கவலையே வேண்டாம்.

கேள்வி: கிளிஞ்சல் வைத்தால் கல் வைக்க வேண்டாம்தானே?

இரண்டும் வேறு. கிளிஞ்சல் வயிற்றில் கரைந்துவிடும். தானியத்தை அரைக்கக் கரையாத சிறு கல் வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் கோழி அதைத் தானே பொறுக்கிக்கொள்ளும். அடைத்து வளர்த்து, தானியமோ கீரையோ கொடுப்பவர்கள் கருங்கல் குருணை வைக்க வேண்டும். குஞ்சுத் தீவனம் மட்டுமே தின்னும் குஞ்சுக்குத் தேவையில்லை.

கேள்வி: பெரிய கோழிகள் குஞ்சுகளைத் தீவனத்திடம் நெருங்கவே விடுவதில்லை.

குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுச் சட்டம் அடித்து, உள்ளே ஒரு தீவனத்தட்டும் தண்ணீரும் வையுங்கள். குஞ்சு வளர வளர இடைவெளியையும் கூட்ட வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வெளியிலும் இரண்டு மூன்று தட்டுகள் வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி. ஒரே தட்டு இருந்தால் அடங்கிப்போகும் கோழிதான் பட்டினி கிடக்கும். கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பையை இரவில் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருந்தால் வயிறார உண்டிருக்கிறது.

கேள்வி: தாய்க்கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனித் தீவனமா?

தேவையில்லை. குஞ்சோடு இருக்கும் தாய் முட்டையிடாது, அதற்குக் கூடுதல் கால்சியம் வேண்டாம். 18 முதல் 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனமே இரண்டுக்கும் நல்லது. அடையில் இளைத்த உடம்பும் தேறும். ஆனால் ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்த தீவனமாக இருந்தால், முட்டையிடும் மற்றக் கோழிகள் அதைத் தின்னக் கூடாது. சில மருந்துகள் முட்டைக்குள் போய்விடும். மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிளிஞ்சல் வைத்தும் ஓடு கெட்டியாகாத தோல்முட்டையாக வருகிறது.

புதிதாக முட்டைக்கு வந்த விடைக்கோழி என்றால் சில நாள் பொறுங்கள். வயதான கோழிக்கு ஓடு மெலிவது இயல்பு. வெயில் காலமா என்றும் பாருங்கள். கோழி வாய் திறந்து இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதனால் குறைகிறது. அப்போது எவ்வளவு கிளிஞ்சல் தின்றாலும் ஓடு மெல்லியதாகவே வரும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து, தீவனத்தை அதிகாலையிலும் சாயங்காலத்திலும் வையுங்கள்.

இன்னொன்று: கை நிறையத் தானியம் இறைக்கிறீர்களா? மக்காச்சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம்தான், கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். ஒரு கோழி ஒரு நாளில் தின்னும் 100 முதல் 120 கிராமில் தானியமும் மிச்சம்மீதியும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கேள்வி: சமையலறை மிச்சத்தில் எதைத் தவிர்க்க வேண்டும்?

பூஞ்சை பிடித்த எதுவும் ஆகாது. பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், குஞ்சுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உப்பு மிகுந்தது, வேகாத காய்ந்த பீன்ஸ், பச்சை படர்ந்த உருளைக்கிழங்குத் தோல், அவகாடோவின் தோலும் கொட்டையும் கூடாது. முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கித் தரலாம்.

கேள்வி: இறகு உதிர்க்கிறது, முட்டையும் நின்றுவிட்டது. கால்சியம் கூட்டட்டுமா?

இப்போது வேண்டியது புரதம். இறகில் சுமார் 85 சதவீதம் புரதம்தான். புது இறகு முளைத்து முடியும்வரை 18 சதவீதத்துக்குக் குறையாத தீவனம் கொடுங்கள். முளைக்கும் இறகு ரத்தம் ஓடும் இறகு, தொட்டால் வலிக்கும். அதனால் அந்த நாட்களில் கோழியைக் கையில் அதிகம் தூக்காதீர்கள்.