தமிழ்நாடு மகளிர் அணி: 2006-க்கு முந்தைய ஸ்கோர்கார்டுகள்

வணக்கம் நண்பரே. தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணியின் வரலாற்றைத் தொகுக்கிறீர்கள், 2006-க்கு முன்னால் இந்திய கிரிக்கெட் வாரியத் தளத்தில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்கிறீர்கள். தேடும் இடம்தான் பிரச்சினை. அதுவரை மகளிர் ஆட்டத்தை நடத்தியது 1973-இல் தொடங்கிய இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம். 2006-இல்தான் அது வாரியத்தோடு இணைந்தது.

அதனால் பழைய நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்துக்குப் போங்கள். கன்னிமாரா நூலகத்தில் ஆண்டு வாரியாகக் கேட்டுப் பாருங்கள். 'மகளிர் தேசியப் போட்டி' என்பதோடு 'ராணி ஜான்சி கோப்பை' என்றும் தேடுங்கள். பின்னது மண்டல அணிகளுக்கானது. அதில் தென்மண்டலத்துக்காக எடுத்த ரன்னை மாநிலக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பெயர்களிலும் கவனம் தேவை. ஒரே வீராங்கனை திருமணத்துக்கு முன் ஓர் இனிஷியல், பின் வேறு இனிஷியல் என்று இரண்டு பேராகப் பதிவாகியிருக்கலாம். ஊர், ஆண்டு, பந்துவீச்சு வகை மூன்றையும் ஒப்பிட்ட பிறகே ஒன்றாக்குங்கள்.

தொடக்கப் புள்ளியாக தமிழ்நாட்டு வீராங்கனை சுதா ஷாவை எடுங்கள்: 1976 முதல் 1991 வரை 21 டெஸ்ட், பிறகு இந்திய அணிப் பயிற்சியாளர். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் உடன் ஆடியவர்களும் வரிசையாகக் கிடைப்பார்கள். இந்த வேலையை விட்டுவிடாதீர்கள்.