நாடி நிற்கும்வரை ஸ்டாப்வாட்சை நிறுத்தாதீர்கள்: டூர்னிகெட் கேள்வி பதில்

வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். இப்போது ரத்தப்போக்கை நிறுத்துவது எப்படி என்று பொதுமக்களுக்குப் பயிற்சி தருகிறேன். கையிலோ காலிலோ ரத்தம் பீறிடும்போது கட்டும் டூர்னிகெட்டில் எந்த வகையை வேகமாகக் கட்டலாம், எந்த வகையில் தவறு குறையும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இன்று நாள் முழுக்க இங்கேதான் இருப்பேன்.

கேள்வி: அக்கா, எது வேகமானது? ஒரே வரியில் சொன்னால் அதையே வாங்கிவிடுவேன்.

ஒரே வரியில் வேண்டுமென்றால், பட்டையைக் குச்சியால் முறுக்கி இறுக்கும், திருகுக் குச்சி வைத்த சி.ஏ.டி. (காம்பாட் அப்ளிகேஷன் டூர்னிகெட்) வகை. ஆனால் அந்த வரியோடு போய்விடாதீர்கள்.

வகுப்புகளில் வேகம் பார்க்கும்போது கட்டியவர் கையை எடுத்ததுமே ஸ்டாப்வாட்சை நிறுத்திவிடுகிறார்கள். கட்டு முடிந்த நேரம் அது. ரத்தம் நின்ற நேரம் வேறு. 25 விநாடியில் கட்டி முடித்தவரின் காலில் பாதத்து நாடி இன்னும் துடிக்கிறதென்றால் அவர் எதையும் நிறுத்தவில்லை. இன்னொரு கெடுதலும் உண்டு. அரைகுறை இறுக்கத்தில் மேலோட்டமாக இருக்கும் சிரைகள் மட்டும் நசுங்கும், ஆழத்தில் ஓடும் தமனி திறந்தே இருக்கும். ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்க, திரும்பிப் போக வழி இருக்காது. அதனால் காயத்திலிருந்து முன்பைவிட அதிகமாகக் கொட்டும். தளர்வான டூர்னிகெட் கட்டாததைவிட மோசம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆகவே மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: கட்டிய இடம் சரியா, நாடி நின்றதா, அதுவரை எத்தனை விநாடி ஆனது. முதல் இரண்டும் தேறாவிட்டால் மூன்றாவதை எழுதிவைக்கவே வேண்டாம்.

கேள்வி: சி.ஏ.டி. கட்டும்போது பெரும்பாலானவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். குச்சியைத் தொடுவதற்கு முன்பே தவறிவிடுகிறார்கள்.

பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் வராமல் சுற்றுகிறோம். பக்கிள் வழியாக நுனியை இழுத்து வெல்க்ரோவில் ஒட்டுகிறோம். இந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பட்டையை மேல்நோக்கித் தூக்கி இழுப்பார்கள். பட்டை தோலை விட்டு எழும்பி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். "குச்சிதான் இறுக்குமே" என்று அதை அப்படியே விட்டுவிட்டு முறுக்கத் தொடங்குவார்கள். பட்டை தொய்வாக இருந்தால் முதல் இரண்டு சுற்றும் தொய்வைத் தின்னவே போய்விடும். அதற்குப் பின் முறுக்கும்போது பட்டை மடிந்து குவியும், குச்சி விறைத்துக்கொள்ளும். கட்டுகிறவருக்குப் பிரமாதமாக இறுகியதுபோலத் தோன்றும். பாதத்தில் விரல் வைத்தால் நாடி அடித்துக்கொண்டிருக்கும்.

பட்டையைக் காலோடு ஒட்டியபடியே, காலைச் சுற்றிய திசையில் உடம்பெடையைப் போட்டு இழுங்கள். ஒட்டியபின் மூன்று விரல் நுனிகளைப் பட்டைக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பிரித்து மறுபடி இழுங்கள். அதன் பிறகுதான் குச்சி. ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சியைக் கொக்கியில் மாட்டி, மேலே நேரப்பட்டையைப் போட்டு, கட்டிய நேரத்தை எழுதுங்கள். முறுக்கிக்கொண்டே போகவேண்டியிருந்தால் இழுப்பில் குறை என்று அர்த்தம்.

கேள்வி: பாம்பு கடித்தால் இதைக் கட்டலாமா?

கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கட்டினால் கால் போய்விடும் என்கிறார்களே?

பழைய பயம். அதற்குக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் கட்டியவரை அறுவை மேசைக்குக் கொண்டுபோகப் பல மணி நேரம் ஆகும். திருகி இறுக்கும் யோசனையே மிகப் பழையது. 1674-ல் பெசான்சோன் முற்றுகையின்போது மோரெல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் குச்சி வைத்துத் திருகினார் என்பார்கள். பிறகு 1718-ல் ழான் லூயி பெட்டி திருகாணி வைத்த கருவியைச் செய்தார். கருவி இருந்தது, விரைந்து கொண்டுசேர்க்கும் வசதி இல்லை.

பாக்தாத் மருத்துவமனை ஒன்றில் 2006-ல் டூர்னிகெட் கட்டிய 232 பேரைக் கணக்கெடுத்தார்கள். டூர்னிகெட் கட்டியதால் மட்டும் கை கால் இழந்தவர் ஒருவரும் இல்லை. சிலருக்கு நரம்பு மரத்துப் பின்னர் சரியானது. அதே ஆய்வு வரிசையில் என்னை உலுக்கிய எண் ஒன்று உண்டு: ரத்தம் இழந்து உடல் தளரும் அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன்பே கட்டியவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள், போன பின் கட்டியவர்களில் 10 விழுக்காட்டினர்தான். வேகத்தைப் பற்றி நாம் பேசுவதே இதற்காகத்தான்.

இரண்டு மணி நேரம் வரை பெரும்பாலும் பாதுகாப்பானது. அதற்குள் மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதுதான் நம் வேலை.

கேள்வி: 15 நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்தி ரத்த ஓட்டம் கொடுக்கவேண்டும் என்று படித்திருக்கிறேன்.

பழைய முதலுதவிக் குறிப்புகளில் அப்படி இருந்தது. செய்யாதீர்கள். ஒவ்வொரு தளர்த்தலிலும் புதிதாக ரத்தம் போகும். அவரிடம் இழப்பதற்கு மிச்சம் இருக்காது. ஒருமுறை கட்டினால் கழற்றுவது மருத்துவக் குழுவின் பொறுப்பு.

கேள்வி: (பயிற்சியாளர் ஒருவர்) மேடம், நான் உடன்படவில்லை. என் வகுப்பில் ரப்பர்போல நீளும் எலாஸ்டிக் பட்டையை எல்லோரும் திருகுக் குச்சியைவிட வேகமாகக் கட்டுகிறார்கள். பக்கிள் கிடையாது, குச்சி கிடையாது. இழு, சுற்று, செருகு, முடிந்தது.

சார், மறுக்கவில்லை. செருகியதும் நீங்கள் ஸ்டாப்வாட்சை நிறுத்துகிறீர்களா, நாடி பார்த்த பிறகா?

பயிற்சியாளர்: செருகியதும். ஆனால் பட்டை அகலமாக இருக்கிறதே. அகலமானது குறைந்த அழுத்தத்திலேயே தமனியை மூடும் என்பது உங்களுக்கும் தெரியும்.

தெரியும், ஒப்புக்கொள்கிறேன். அகலப் பட்டை நரம்புக்கும் நல்லது. ஒல்லியான கைக்கும் சிறு குழந்தைக்கும் பொருந்தும். வேண்டுமானால் அழுத்தக் கட்டாகவும் ஆகும்.

என் கவலை ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிற இழுப்பைப் பற்றியது. திருகுக் குச்சியில் இறுக்கத்தைக் குச்சி தருகிறது. தளர்ந்தால் இன்னொரு அரைச் சுற்று போதும். எலாஸ்டிக்கில் இறுக்கம் முழுவதும் கட்டுகிறவரின் கையில். முதல் சுற்றை முழுக்க இழுத்துவிட்டு, இரண்டாவதில் கை மாற்றும்போது பாதி விட்டுவிடுவார்கள். சரியான இழுப்பைக் காட்டப் பட்டையில் வடிவங்கள் அச்சிட்டிருக்கிறார்கள். பதற்றத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? தளர்ந்தது தெரிந்தால் முழுவதையும் பிரித்துச் சுற்றவேண்டும். கையெல்லாம் ரத்தமாக இருக்கும்போது பட்டை வழுக்கும். தன் கைக்குத் தானே ஒற்றைக் கையால் கட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: (நர்சிங் மாணவி) இடையில் வருவதற்கு மன்னியுங்கள். பெல்ட் போதாதா? எல்லோரிடமும் இருக்குமே.

போதாது, தம்பிகளும் தங்கைகளும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெல்ட் விறைப்பானது, கையால் இழுக்கிற அளவுக்கு மேல் இறுகாது. அகலத் துணியும் உடையாத குச்சியும் இருந்தால் முறுக்கிப் பார்க்கலாம். பென்சிலும் பேனாவும் முறியும். எதுவும் இல்லையென்றால் சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து, இரண்டு கையாலும் உடம்பெடையைப் போட்டு அழுத்துங்கள். உதவி வரும்வரை கையை எடுக்காதீர்கள்.

பயிற்சியாளர்: மேடம், நீங்கள் சொல்வது அனுமானம். என் மாணவர்கள் அப்படித் தளர்த்துவதில்லை.

அனுமானமாகவே இருக்கட்டும் சார். சோதிப்பது சுலபம். இன்று உங்கள் வகுப்பில் காலில் கட்டியதும் பாதத்தின் மேற்புறத்தில் விரல் வையுங்கள். கட்டுவதற்கு முன்பே நாடி கிடைக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாடி நின்றதா, விரல்தான் தப்பியதா என்று தெரியாது. பார்த்ததும் கழற்றிவிடுங்கள். நீரிழிவு, ரத்தக்கட்டு, ரத்தக் குழாய் நோய் உள்ளவர்கள் மேல் பழகவேண்டாம். எலாஸ்டிக்கோடு திருகுக் குச்சிக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். எந்தப் பக்கம் வந்தாலும் இங்கே எழுதுங்கள்.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு இருப்பதால் அங்கே கட்டினால் வேலை செய்யாதாமே?

செய்யும். முன்கையிலும் அப்படியே. காயம் எங்கே என்று தெரியாமல் உடை முழுக்க ரத்தமாக இருந்தால் மட்டும் கையின் அல்லது தொடையின் உச்சியில் கட்டுங்கள். சட்டைப்பையில், கால்சட்டைப் பையில் சாவி, போன் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒருமுறை பயிற்சி எடுத்தால் போதுமா?

2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் மருத்துவம் தெரியாதவர்களுக்கு நேரடி வகுப்பு எடுத்து, உடனே கட்டச் சொன்னார்கள். 88 விழுக்காட்டினர் சரியாகக் கட்டினார்கள். பயிற்சியே இல்லாதவர்களில் சுமார் 16 விழுக்காட்டினர். அதே வகுப்பை முடித்தவர்களை 3 முதல் 9 மாதம் கழித்துக் கூப்பிட்டபோது 54.5 ஆக இறங்கியிருந்தது. கை மறந்துவிடுகிறது. சில மாதத்துக்கு ஒருமுறை கட்டிப் பழகுங்கள். பழகுவதற்கு ஒன்று, பையில் வைக்க இன்னொன்று. பழகிப் பழகித் தேய்ந்ததைப் பையில் வைக்காதீர்கள்.

கேள்வி: வலி தாங்காமல் கத்துகிறார், என்ன செய்ய?

கத்தட்டும். சரியாகக் கட்டினால் வலிக்கும். வலிக்கிறதே என்று பாதியில் நிறுத்தியவர்களை நான் வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "வலிக்கும், ஆனால் விடமாட்டேன்" என்று அவர் காதருகே சொல்லிக்கொண்டே முறுக்குங்கள்.

கேள்வி: ஒன்று கட்டியும் நிற்கவில்லை என்றால்?

முதலில் இன்னும் முறுக்குங்கள். அப்புறமும் நிற்காவிட்டால் அதற்கு மேலே ஒட்டி இரண்டாவது. முதலாவதைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: விலை குறைவாக அதே மாதிரி ஒன்று கிடைக்கிறது...

போலியாக இருக்கும். குச்சி வளையும், முறுக்கும்போது கொக்கி தெறிக்கும். பழகவும் ஆகாது, நம்பிப் பையில் வைக்கவும் ஆகாது. தயாரிப்பாளரிடமோ அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: தேள் கடிக்குக் கட்டலாமா? / பாம்புக் கடிக்குக் கொஞ்சம் தளர்வாகக் கட்டினால்? / கட்டியபின் அரை மணிக்கு ஒருமுறை தளர்த்தினால்?

பாம்புக்கும் தளர்த்தலுக்கும் மேலே பதில் இருக்கிறது, தேளுக்கும் அதேதான். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். கடிக்குக் கட்டவேண்டாம். தளர்த்தவேண்டாம்.

கேள்வி: மூக்கில் ரத்தம் வந்தால்?

இது என் தலைப்பு இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேளுங்கள். கழுத்துக்கும் உடலுக்கும் டூர்னிகெட் கிடையாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

பயிற்சியாளர்: மேடம், வகுப்பு முடிந்தது. எலாஸ்டிக் கட்டிய மூவரில் இருவருக்குப் பாதத்தில் நாடி இருந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் திருகுக் குச்சி கட்டிய மூவரிலும் ஒருவருக்கு நாடி இருந்தது.

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி சார். ஆறு பேரை வைத்து எந்த வகையையும் தள்ளிவிடமுடியாது, நானும் தள்ளவில்லை. எலாஸ்டிக்காரர்களிடம் ஒவ்வொரு சுற்றின் இழுப்பையும் தனித்தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த மூன்றாவது திருகுக் குச்சிக்காரரின் பட்டைக்கு அடியில் விரல் நுழைத்துப் பார்த்தீர்களா?

பயிற்சியாளர்: பார்த்தேன். மூன்று விரலும் தாராளமாக நுழைந்தது. பிரித்து, காலோடு ஒட்டி இழுக்கச் சொன்னேன். பிறகு ஒன்றரைச் சுற்றிலேயே நாடி நின்றுவிட்டது. மொத்தம் 48 விநாடி.

அந்த 48-ஐ எழுதிவையுங்கள் சார். அடுத்த மாதம் அவரையே மறுபடி கட்டச் சொல்லுங்கள்.