அடுப்பை அந்த அம்மாவே பற்றவைக்கட்டும்

கேள்வி: எருசலேமில் ஒரு யூத மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. நான் வைத்த பருப்பு சூப்பை அவர் தொடவே இல்லை. வேற்று மதத்தவள் என்று ஒதுக்குகிறாரா? சனிக்கிழமை போனைக்கூடத் தொடாதே என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பினார். அன்று அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

பதில்: ஒதுக்கவில்லை, சகோதரி. சாமான்கள் எல்லாம் கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு உட்பட்ட பொருள் விற்கும் கடையில் வாங்கியவையாக இருந்தாலும், யூதர் அல்லாதவர் தனியே சமைத்ததை மரபு பேணும் யூதர்கள் உண்பதில்லை. பழமையான விதி அது. வழி எளிது. அடுப்பை அந்த அம்மாவையே பற்றவைக்கச் சொல்லுங்கள். அவர் குமிழைத் திருகினால் போதும், மற்றதெல்லாம் உங்கள் கைப்பக்குவம். செபார்தி (ஸ்பெயின் வழிவந்த யூத மரபு) குடும்பமானால் பாத்திரத்தையும் அவரே அடுப்பில் ஏற்ற வேண்டியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சியையும் பாலையும் அவர்கள் கலப்பதில்லை, பாத்திரங்களும் தனித்தனி. இறைச்சிக் கரண்டி தவறிப்போய்ப் பால் சட்டியில் பட்டால் கழுவி மறைக்காதீர்கள். உடனே சொல்லிவிடுங்கள்.

அந்த ஏஜென்ட் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. இந்த ஆட்கள் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஒரு சான்றிதழைக் கையில் திணித்து விமானம் ஏற்றிவிடுகிறார்கள். சமையலறை பற்றி ஒரு வார்த்தை கிடையாது, சொல்கிற ஒன்றும் ஆபத்தான தப்பு. ஊரில் அடுத்துக் கிளம்பும் தோழிகளிடம் சொல்லுங்கள்: இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பதிவைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான சப்பாத் என்னும் ஓய்வுநாளின் விதிகள் யூதர்களுக்கு, உங்களுக்கல்ல. உங்கள் அறையின் விளக்கும் போனும் உங்கள் விருப்பம். சப்பாத்தில் அவர்கள் விளக்கு ஏற்றுவதில்லை; கதவைத் திறந்தால் எரியக் கூடாதென்று குளிர்பதனப் பெட்டியின் பல்பை வெள்ளியன்றே கழற்றி வைத்திருப்பார்கள். பழுது என்று நினைத்து மாட்டிவிடாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் யூதர்களுக்கே சப்பாத் தடையில்லை. இதை நன்றாக மனதில் வையுங்கள். மார்வலி, மூச்சுத்திணறல், வாய் குழறுவது, விழுந்து தலையில் அடி, எதுவானாலும் 101-க்கு அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும். ஆபத்துதானா என்ற சந்தேகம் இருந்தாலே போதும். அந்த அம்மாவின் பிள்ளைகளிடம் அனுமதி கேட்டு நிற்காதீர்கள். 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த யூதச் சட்டநூலான சுல்கான் அரூக், அப்படிப்பட்ட நேரத்தில் விரைகிறவரைப் பாராட்டுகிறது. அனுமதி கேட்டுத் தாமதிப்பவரை இரத்தம் சிந்துகிறவர் என்கிறது. அந்த அம்மாவே "சப்பாத், வேண்டாம்" என்று கையைப் பிடித்தாலும் அழையுங்கள்.

101 என்று பெரிதாக எழுதி, இன்றே குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.